பழைய மொட்டை மாடிக்கு இரண்டு முறை ரிப்பேர்: கோட்டிங் கம்பெனியும் சுருக்கி போட்ட மேஸ்திரியும்

எங்கள் வீடு நங்கநல்லூரில் இருக்கிறது. 1989-ல் அப்பா கட்டியது. கீழ்த்தளம், மேலே ஒரு மாடி, அதற்கு மேலே 950 சதுர அடி மொட்டை மாடி. இந்த மொட்டை மாடிக்கு ஐந்து வருட இடைவெளியில் இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறோம். 2019-ல் ஒரு வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனிக்கு 58,292 ரூபாய். 2024-ல், பழையதை உடைத்தெடுத்துவிட்டுப் புதிதாகச் சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு, மேலே ஓடு) போட்ட ஒரு மேஸ்திரிக்கு 2,66,250 ரூபாய். முதல் வேலை இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது வேலை இதுவரை இரண்டு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துவிட்டது, அம்மாவின் படுக்கையறையில் இப்போது வாளி இல்லை. சென்னையில் 80-களிலும் 90-களிலும் கட்டிய வீடுகளில் இருப்பவர்கள் நிறையப் பேர் இதே கேள்வியோடுதான் இருப்பீர்கள், மேலே எதையாவது பூசினால் போதுமா, உடைத்துப் புதிதாகப் போட வேண்டுமா என்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லாம் 2015 மழையில் ஆரம்பித்தது. அந்த டிசம்பரில் எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர், அதனால் மேலே என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் அம்மா தன் அறைக் கூரையில் ஃபேன் கொக்கியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையத்தைக் காட்டினார். மறுவருடம் வளையம் பெரிதானது. 2018-ல் மழை பெய்தால் கொக்கியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஃபேன் கொக்கி வழியாகத் தண்ணீர் வந்தால் முதல் வேலையாக அந்த அறையின் மின்சாரத்தை மெயினில் அணைத்துவிடுங்கள். தளத்துக்குள் போட்டிருக்கும் வயரிங் பைப் வழியாகத்தான் பெரும்பாலும் தண்ணீர் நடந்து வருகிறது. அது நுழைகிற இடம் வேறு, சொட்டுகிற இடம் வேறு. எங்கள் வீட்டில் கொக்கியில் சொட்டிய தண்ணீர், அங்கிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, வடக்குக் கைப்பிடிச் சுவரின் அடியில் நுழைந்திருந்தது. இது ஐந்து வருடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

2019-ல் விளம்பரம் பார்த்து ஒரு கம்பெனியைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம். வந்தவர் மரியாதையாகப் பேசினார், லேசர் மீட்டர் வைத்து மாடியைப் பத்து நிமிடத்தில் அளந்தார், லேப்டாப்பில் படங்கள் காட்டினார், வெள்ளைப் பூச்சு பூசிய ஒரு சின்னப் பலகையின் மேல் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டும் இறங்கவில்லை என்று காட்டினார். சதுர அடிக்கு 52 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 10 வருட கியாரண்டி. நாங்கள் ஒப்புக்கொண்டோம். அவர் கீழே இறங்கி அம்மாவின் அறைக்குள் போய்க் கூரையைப் பார்க்கவே இல்லை. அன்று அது எங்களுக்கு உறைக்கவில்லை.

வேலை மூன்று நாளில் முடிந்தது. பிரஷர் மெஷின் வைத்து மாடியில் பதித்திருந்த பழைய தட்டோடுகளை, அதாவது தட்டையான மண் ஓடுகளை, கழுவினார்கள், ஓட்டு இடுக்குகளிலும் விரிசல்களிலும் ஏதோ பேஸ்ட் வைத்து அடைத்தார்கள், அதன் மேல் வெள்ளையாக இரண்டு கோட். பார்க்க அழகாக இருந்தது, காலை வெயிலில் கண் கூசும். அந்த வருட மழையில் சொட்டவில்லை, மாமா வீட்டுக்கெல்லாம் சொல்லி அனுப்பினோம். 2020 கோடையில் பூச்சு அங்கங்கே அப்பளம் போல உப்ப ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் உள்ளே காற்றும் ஈரமும். அக்டோபரில் உப்பின இடமெல்லாம் கிழிந்து, நவம்பரில் மறுபடி கொக்கியில் தண்ணீர்.

கம்பெனிக்குப் போன் செய்தோம். இரண்டு மாதம் கழித்து ஒருவர் வந்து கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடம் கூப்பிட்டபோது கியாரண்டித் தாளை எடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அதில் பின்பக்கம் சின்ன எழுத்தில், பூச்சுக்கு அடியில் உள்ள தளத்தில் ஏற்கெனவே இருக்கும் குறைகளுக்கும் விரிசலுக்கும் பொறுப்பில்லை என்று இருக்கிறது. ஒழுகுகிற வீட்டில் விரிசல் இல்லாமல் எப்படி இருக்கும்? எனக்கு இன்றும் இதில் ஆத்திரம் உண்டு. கியாரண்டித் தாளை வேலைக்கு முன்பே வாங்கி, எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறார்களோ அந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

அந்தப் பூச்சு ஏன் நிற்கவில்லை என்பதைப் பின்னால் மேஸ்திரியும் இன்ஜினியரும் விளக்கினார்கள். பழைய வீடுகளின் மாடியில் கான்கிரீட் தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு அடுக்கு, அதற்கு மேலே தட்டோடு. இதைத்தான் சுருக்கி என்கிறோம். ஓடுகளின் இடுக்குப் பூச்சு போய்விட்டால் அந்த ஜல்லி அடுக்கு பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. எங்கள் மாடியில் அது நாலு வருட மழையைக் குடித்திருந்தது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தோலைப் போர்த்தினால் உள்ளே இருக்கும் ஈரம் வெயிலில் ஆவியாகி மேலே வர வழி தேடும், தோலைத் தூக்கும். இன்னொரு பக்கம் கீழே கான்கிரீட்டுக்குள்ளும் இறங்கிக்கொண்டே இருக்கும். அதாவது மேலே பூசிய பூச்சு தண்ணீரை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே பூட்டி வைத்தது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. கரண்ட் இல்லை, நானும் அம்மாவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருந்தோம். இரண்டாம் நாள் இரவு அம்மாவின் கட்டிலுக்கு இரண்டடி தள்ளிக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து ஒரு முறம் அளவுக்குத் தரையில் விழுந்தது. மேலே டார்ச் அடித்துப் பார்த்தால் துருப்பிடித்த கம்பி தெரிகிறது. அம்மாவுக்கு அப்போது 74 வயது. கட்டில் மட்டும் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் என்று நினைத்து நினைத்துப் பல இரவு எனக்குத் தூக்கம் போனது.

சரி, இப்போது மேஸ்திரியைப் பற்றி. நாலு வீடு தள்ளி ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டில் இவர் 2017-ல் சுருக்கி போட்டிருக்கிறார். மிக்ஜாமில் அந்த வீட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டு, போய் அவர்கள் கூரையை அறை அறையாகப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். செய்யாறு பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஆட்களும் அங்கிருந்தே வருகிறார்கள். போர்டு, விசிட்டிங் கார்டு எதுவும் கிடையாது.

முதல் நாள் வந்தவர் மாடிக்குப் போகவில்லை. அம்மாவின் அறைக்குப் போய் ஒரு சின்னச் சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல கான்கிரீட் கிண் என்று கேட்கிறது, உள்ளே பிடிப்பு விட்டுப் பொள்ளலான இடம் தகரம் மாதிரி. பொள்ளலாகக் கேட்ட இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். விழுந்தது ஒரு முறம்தான், கோடு போட்டது 85 சதுர அடி. துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு மூன்று மடங்குக்கும் மேல் இடம் பிடிக்குமாம், அந்த உப்பலில்தான் அடிக் காரை பிளந்து விழுகிறது. அப்புறம் மாடிக்குப் போய் நாலு குடம் தண்ணீர் கேட்டார். நடுவிலே ஊற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். தண்ணீர் வடக்குப் பக்கம் போய்க் கைப்பிடிச் சுவரின் அடியில் குளமாக நின்றது. வெளியேறுகிற குழாய் இரண்டும் தெற்கே.

"சார், இதுக்கு வாட்டமே இல்ல. எந்த மருந்து அடிச்சாலும் தண்ணி நின்னா நிக்காது. இது மேல நான் ஒண்ணும் போட மாட்டேன், பழசை எடுக்கலாம்னா சொல்லுங்க" என்றார். வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு.

வடக்குச் சுவரின் அடியில் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. அதை நாங்கள் வருடா வருடம் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம், வேர் உள்ளேயே இருந்து தளத்துக்கும் சுவருக்கும் நடுவே போயிருக்கிறது. தண்ணீர் நுழைந்த வாசல் அதுதான். கிள்ளாதீர்கள், சின்னதாக இருக்கும்போதே சுற்றிக் கொத்தி வேரோடு எடுத்துவிட்டு அந்த இடத்தை அடையுங்கள்.

கம்பி தெரிவதால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டிவிட்டுத்தான் கை வைப்பேன் என்று மேஸ்திரியே சொன்னார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான். இன்ஜினியர் 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, தளத்தை மாற்றத் தேவையில்லை, இரண்டு இடத்தில் கம்பி மெலிந்துவிட்டதால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும், பழைய சுருக்கியை எடுக்காமல் மேலே இன்னொரு அடுக்குப் போடவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பழைய அடுக்கு சராசரி நாலு அங்குல கனம், எடையைக் கணக்குப் போட்டால் 15 டன் வருகிறது. ஏற்கெனவே கம்பி துருப்பிடித்த தளத்தின் மேல் அதே அளவு இன்னொரு முறை ஏற்றினால் என்ன ஆகும்? "பழசு மேலேயே இன்னொரு தட்டோடு ஒட்டிடலாம், செலவு பாதி" என்று இடையில் வேறு ஒருவர் சொல்லியிருந்தார். நல்ல வேளை செய்யவில்லை.

விலை இப்படிப் பேசினோம். பழையதைக் கொத்தி எடுக்க சதுர அடிக்கு 25 ரூபாய், கட்டட இடிபாட்டை வண்டியில் அனுப்ப 18,000, கான்கிரீட் மேல் சிமெண்டும் பாலிமரும் கலந்த வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட் 40 ரூபாய், புதிதாகச் செங்கல் ஜல்லிச் சுருக்கி தட்டோட்டோடு சேர்த்து 165 ரூபாய், அறைக்குள் கூரை ரிப்பேர் சதுர அடிக்கு 350 ரூபாய். இது 2024 தொடக்கத்தில் எங்கள் பகுதியில் நான் கொடுத்த விலை, உங்கள் ஊரில் மாறும். பிளம்பர், இன்ஜினியர், தண்ணீர் லாரி எல்லாம் சேர்த்துக் கடைசியில் 2,90,000 பக்கம் வந்துவிட்டது. சின்னத் தொகை இல்லை, அம்மாவின் பெயரில் இருந்த ஒரு டெபாசிட்டை எடுத்துத்தான் செய்தோம்.

பொங்கல் முடிந்து பிப்ரவரி இரண்டாம் வாரம் ஆரம்பித்தார்கள். இதில் காலம் முக்கியம். அக்டோபரில் கூரை ஒழுகும்போது போன் செய்தால் யாராலும் ஒழுங்காகச் செய்ய முடியாது, எதையாவது மேலே பூசிவிட்டுத்தான் போவார்கள். ஈரம் காய நாட்கள் வேண்டும், சுண்ணாம்பு இறுகவும் நாட்கள் வேண்டும்.

முதல் ஆறு நாள் உடைப்பு. பெரிய டிரில்லிங் மெஷின் வைக்காமல் கடப்பாரையும் உளியும் வைத்தே எடுத்தார்கள், மெஷின் அதிர்வில் கீழே இன்னும் காரை விழும் என்று. தட்டோட்டைப் பெயர்த்தபோது, மழை பெய்து இரண்டு மாதம் ஆகியும் கீழே இருந்த ஜல்லி கறுப்பாக, ஈரமாக இருந்தது, கையில் பிழிந்தால் சேறு. 2019 வெள்ளைப் பூச்சு தோல் தோலாக வந்தது. மொத்தம் நாலு யூனிட்டுக்கு மேல் இடிபாடு (ஒரு யூனிட் நூறு கன அடி). இரண்டு நாள் தெருவிலேயே குவிந்து கிடந்தது, வண்டி வரவில்லை, எதிர் வீட்டுக்காரர் காரை எடுக்க முடியாமல் சத்தம் போட்டார், நியாயம்தான். இது மேஸ்திரி வேலையில் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம். வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். உடைக்கும்போது தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரு பைப்பையும் உடைத்துவிட்டார்கள், அதை அவர் செலவில் அன்றே மாற்றிக் கொடுத்தார்.

வெறும் கான்கிரீட் தெரிந்த பிறகு பத்து நாள் வெயிலில் காயவிட்டார்கள். அந்தப் பத்து நாளில் கீழே அம்மாவின் அறையில் முட்டுக் கொடுத்துக் கூரை வேலை. பொள்ளலான கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி, கம்பியை ஒயர் பிரஷ்ஷால் பளபளவென்று வரும்வரை தேய்த்து, துரு நீக்கும் மருந்து தடவி, ஜிங்க் பிரைமர் அடித்து, மெலிந்த இரண்டு இடத்தில் புதுக் கம்பி கட்டி, பிறகு பாலிமர் கலவையை ஒரேயடியாக அப்பாமல் அரை அங்குலம் அரை அங்குலமாக ஏற்றினார்கள். இங்கே ஒரு தகராறு. ஒரு மூலையில் துருவைச் சரியாகத் தேய்க்காமல் பிரைமர் அடித்துவிட்டதை நான் பார்த்தேன். சொன்னதும் மேஸ்திரி ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பையனை மறுபடி தேய்க்கச் சொன்னார். ஆனால் நான் பார்க்காமல் இருந்திருந்தால்? கூரை வேலை நடக்கும் நாட்களில் வீட்டில் ஒருவராவது இருங்கள், லீவு போட்டாவது இருங்கள்.

பிறகு மாடியில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட், ஒன்று நெடுக்கே, ஒன்று குறுக்கே. சுவரும் தளமும் சேருகிற மூலை முழுவதும் கலவையால் உருட்டி, பூச்சைச் சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றினார்கள். அடுத்தது தண்ணீர் கட்டும் சோதனை. குழாய் வாய்களை அடைத்து, மாடி முழுக்க இரண்டு அங்குலம் தண்ணீர், 48 மணி நேரம். ஏறக்குறைய 4,500 லிட்டர், மார்ச் மாதத்தில் இதற்கென்று ஒரு லாரித் தண்ணீர் வாங்கினோம். கீழே எல்லா அறைக் கூரையிலும் நானும் அம்மாவும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் டார்ச்சோடு பார்த்தோம். ஒரு இடத்தில், மாடிப்படி அறை ஓரத்தில், லேசாக ஈரம் காட்டியது. தண்ணீரை வடித்து அந்த இடத்தை மட்டும் மறுபடி பூசி, மறுபடி ஒரு நாள் தண்ணீர் கட்டினார்கள். 2019 கம்பெனி இந்தச் சோதனையைச் செய்யவேயில்லை. நீங்கள் யாரிடம் வேலை கொடுத்தாலும் இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், இதற்கு ஒப்புக்கொள்ளாதவரை அனுப்பிவிடுங்கள்.

இனிமேல்தான் சுருக்கி. இந்த வேலையை நான் தினமும் ஆபீஸ் போவதற்கு முன் நின்று பார்த்தேன், அவ்வளவு பிடித்தது. கல் சுண்ணாம்பை வாசலில் டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றி நீற்றினார்கள், கொதித்து ஆவி பறக்கும், குழந்தைகளைக் கிட்டே விடவே கூடாது. செங்கல் ஜல்லி முக்கால் அங்குல அளவு, நன்றாக வெந்த செங்கல்லில் உடைத்தது. பொதுப்பணித் துறைக் கணக்கு 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. மேஸ்திரி அந்த எண்ணைச் சொல்லவில்லை, ஐந்து கூடை ஜல்லிக்கு இரண்டு கூடை சுண்ணாம்பு என்று போட்டார், கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட அதேதான். இன்று பல பேர் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டைக் கலந்து இரண்டே நாளில் முடித்துவிடுகிறார்கள். அது விறைப்பாக இறுகி வெயிலில் வெடிக்கும். சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சின்ன வெடிப்பு வந்தாலும் ஈரத்தில் தானே மூடிக்கொள்ளும்.

வாட்டம் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம். மாடியின் நீளவாக்கில் நடுவே முதுகு மாதிரி உயர்த்தி, இரண்டு பக்கமும் சரிய விட்டார்கள். நடுவில் நாலரை அங்குலம், சுவரோரம் இரண்டரை அங்குலம். டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, கயிறு கட்டி, ஆறடிக்கு ஒரு மட்டக் குறி வைத்தார்கள். பழைய மூன்று அங்குலக் குழாய் இரண்டுக்குப் பதில், வடக்கே இரண்டு தெற்கே இரண்டு என நாலு அங்குலக் குழாய் நான்கு. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா வெட்டிய குழி தெற்கே இருக்கிறது, வடக்குக் குழாய்களையும் பிளம்பர் அதோடு சேர்த்துவிட்டார்.

பரப்பிய ஜல்லிக் கலவையை அடுத்த நாலு நாள் அடித்தார்கள். ஐந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கையில் மரத் தட்டுப் பலகை, ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே பின்னால் நகர்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் தெளித்துத் தெளித்து அடிப்பது. காலை ஆறரைக்கு ஆரம்பித்து வெயில் ஏறும் முன் நிறுத்தி, மறுபடி சாயங்காலம். முதல் நாள் பலகை பட்டால் பொத் என்று கேட்டது, நாலாம் நாள் கல்லில் பட்ட மாதிரி ஓசை, பலகை எகிறுகிறது. அதுதான் போதும் என்பதற்கு அடையாளம். அந்தப் பெண்களில் மூத்தவருக்கு அறுபது இருக்கும். "எங்க பொண்ணுங்க யாரும் இந்த வேலைக்கு வராதும்மா" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தினமும் பத்து மணிக்கு அவர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தார். 165 ரூபாயில் அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டேன், ஆண்களைவிடக் குறைவு என்று தெரிந்தது. மேஸ்திரியிடமே சொன்னேன், இந்த வேலையின் உயிரே அவர்கள் அடிப்பதில்தான் இருக்கிறது, கூலியைக் கூட்டிக் கொடுங்கள் என்று. கடைசி நாள் நாங்கள் தனியாகக் கொஞ்சம் கொடுத்தோம், அது கூலி ஆகாது.

மேலே தட்டோடு. வெள்ளை நிற கூல் ரூஃப் டைல்ஸ் போடலாம் என்று என் மனைவி சொன்னாள், வெயிலைத் திருப்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் மாடியில் வடாம் போடுவது, துணி காயப் போடுவது எல்லாம் நடக்கிறது, வெள்ளைப் பூச்சின் கூசலை ஏற்கெனவே பார்த்தவர்கள் நாங்கள். சிவப்பு மண் தட்டோடே போட்டோம். ஓடுகளை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஒட்டி, இடுக்குகளைச் சிவப்பு ஆக்சைடும் வாட்டர்ப்ரூஃப் மருந்தும் கலந்த சிமெண்டால் அழுத்தி மூடினார்கள். பிறகு சாக்குப் போட்டுப் பத்து நாள் தண்ணீர் தெளித்தோம்.

20 நாள் என்று சொன்ன வேலை 47 நாள் ஆனது. காய விட்ட நாட்களையும் தண்ணீர் கட்டிய நாட்களையும் கழித்தாலும் பத்து நாளுக்கு மேல் தாமதம், நடுவில் ஊர்த் திருவிழாவுக்கு மொத்தப் பேரும் போய்விட்டார்கள், முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. அந்த நாட்களில் அம்மா ஹாலில் படுத்தார். முறையான பில்லும் கிடையாது. நான் ஒரு வெள்ளைத் தாளில் வேலைகளையும் விலையையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். பணத்தை மொத்தமாகக் கொடுக்கவில்லை. அட்வான்ஸ் 50,000, உடைப்பு முடிந்து 50,000, தண்ணீர்ச் சோதனை முடிந்து 60,000, அடித்து முடித்ததும் 60,000, ஓடு முடிந்ததும் 26,250. மீதி 20,000-ஐ முதல் பெரிய மழைக்குப் பிறகு தருகிறேன் என்று சொன்னேன். முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் ஒப்புக்கொண்டார்.

மே மாதம் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன், ஆறு ஓடு பொள்ளலாகக் கேட்டது. சொன்ன நாலாம் நாள் ஆள் அனுப்பி மாற்றினார். அக்டோபர் நடுவில் வந்த மழையில் மாடிப்படி அறையின் சுவரில், உள்பக்கம், கை அகலத்துக்கு ஈரம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேஸ்திரி மழையிலேயே வந்தார், ஏறிப் பார்த்துவிட்டு, சுருக்கியில் இல்லை, படி அறைக் கூரையின் சின்னத் தளத்தில் டிஷ் ஆண்டெனாவுக்குப் போட்ட போல்ட் துளையில் இறங்குகிறது என்று காட்டினார். அதை அடைத்தார், பணம் வாங்கவில்லை. டிஷ், சோலார் ஹீட்டர், கொடிக் கம்பி, எதற்காகவும் மாடித் தரையில் துளை போட விடாதீர்கள், கைப்பிடிச் சுவரின் பக்கவாட்டில் போடச் சொல்லுங்கள் அல்லது கனமான கான்கிரீட் கட்டையில் பொருத்தச் சொல்லுங்கள்.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாள். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், எங்கள் தலைக்கு மேல் எப்போதும் கேட்கும் விமானச் சத்தம் அன்று இல்லை, மழைச் சத்தம் மட்டும். நான் குடையோடு மாடிக்குப் போனேன். முதுகில் விழுந்த தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடி, நாலு குழாயிலும் முழு வாயாக இறங்கிக்கொண்டிருந்தது, எங்கேயும் தேங்கவில்லை. கீழே வந்து அம்மாவின் அறைக் கூரையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. டிசம்பர் முதல் வாரம் 20,000 ரூபாயைக் கொடுத்தேன். அடுத்த வருட மழையிலும் அப்படியேதான் இருந்தது. கோடையில் மேல் மாடி அறைகளில் வெக்கை முன்பைவிடக் குறைவாக இருப்பதாக வீட்டில் எல்லோருமே சொல்கிறோம்.

யாருக்கு இது தேவையில்லை என்பதையும் சொல்கிறேன். உங்கள் மாடியில் வாட்டம் சரியாக இருந்து, ஓடு பொள்ளலாகாமல், இடுக்குப் பூச்சு மட்டும் போயிருந்தால், இடுக்குகளைக் கொத்திப் புதிதாகப் பூசினாலே பல வருடம் ஓடும், லட்சங்கள் வேண்டாம். பத்து வருடத்துக்குள் கட்டிய வீட்டில் வெறும் கான்கிரீட் தளம் காய்ந்து இருந்தால் நல்ல கோட்டிங்கே போதலாம். பூச்சு வேலை எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, எங்கள் மாடியிலும் சுருக்கிக்குக் கீழே பூச்சு இருக்கிறது. ஈரம் குடித்த ஜல்லியின் மேல், தண்ணீர் தேங்குகிற தரையில் பூசியதுதான் தவறு. யார் வந்தாலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள், கீழே அறைக்குள் போய்க் கூரையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் வேலைக்கு நாலரை, நேரத்துக்கும் தெருவைச் சுத்தமாக வைத்ததற்கும் இரண்டு. ஜன்னல்களுக்கு மேல் உள்ள சன்ஷேடுகளிலும் கம்பி உப்ப ஆரம்பித்திருக்கிறது, அதற்கும் இவரைத்தான் வரச் சொல்லியிருக்கிறோம். இந்த முறை இடிபாட்டு வண்டியை நானே முன்கூட்டிப் பேசி வைத்துவிட்டேன், ஊர்த் திருவிழாத் தேதியையும் கேட்டுக் காலண்டரில் குறித்தாயிற்று.